ஞாயிற்றுக்கிழமை இதயம்

பதினெட்டு நாட்களாகச் சுஜா அந்த மஞ்சள் மாத்திரையை விழுங்கவில்லை. இது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி சுஜா. இன்னொருத்தி, விழுங்காதே என்று சொன்ன அவள் மகள் அபிஷா.

மாத்திரைப் பெட்டிக்குக்கூடத் தெரியாது. அது காலையில் ஒரு மாத்திரையை வெளியே தள்ளும். ஆள் எடுத்ததும் பச்சை விளக்கைக் காட்டி, எடுத்தாயிற்று என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடும். எடுத்த கை அதை வாயில் போட்டதா ஊறுகாய் பாட்டிலில் போட்டதா என்று அது பார்ப்பதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறிக் குலசேகரத்துக்கு வந்த அபிஷா, பையைக்கூட இறக்காமல் அடுக்களை வாசலில் நின்றாள். அம்மா மரச்சீனிக் கிழங்கு வெந்த பானையை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. பல்லைக் கடிக்கவில்லை. இறக்கி வைத்து, தண்ணீரையும் வடித்தாள்.

அபிஷா பையை இறக்கி வைத்தாள். பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்தால்கூட ‘இறங்கணும்’ என்று சத்தமாகச் சொல்ல வாய் வராத பெண் அவள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்துவிடுவாள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வலி எங்கிருந்து வருகிறது என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

சுஜா அண்டி ஆபீஸ் என்கிற முந்திரித் தொழிற்சாலையில் பீலிங் பிரிவில் வேலை செய்தாள். வறுத்து உடைத்து வரும் முந்திரிப் பருப்பின் தோலை உரிக்கும் வேலை. அதை ஒழுங்காகச் செய்யும் இயந்திரம் இன்னும் வரவில்லை. பருப்பு உடையாமல் உரிக்க மனிதக் கைதான் வேண்டியிருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவளுக்குத் தொடையில் வலி ஆரம்பித்தது. ஈரத் துணியைப் பிழிவதுபோல் யாரோ உள்ளே பிழிகிறார்கள் என்று சொன்னாள். பிறகு அது தோளுக்கு ஏறியது. தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை. பஸ் படியில் காலை வைத்துவிட்டு, பின்னால் நிற்பவர்கள் திட்டத் திட்ட, கம்பியைப் பிடித்துத் தன்னையே மூட்டைபோல் இழுத்து ஏற்றிக்கொள்வாள்.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் டாக்டர்கள் உடம்பிடம் கேட்பதை நிறுத்தியிருந்தார்கள். நகலிடம் கேட்டார்கள். மருத்துவக் காப்பீடு உள்ள எல்லோருக்கும் கையில் ஒரு பட்டை உண்டு. பட்டை அனுப்புவதை வைத்து, ஆஸ்பத்திரிக் கணினியில் அவரவர் உடம்புக்கு ஒரு நகல் ஓடிக்கொண்டிருக்கும். அண்டி ஆபீஸ் பெண்கள் அதைச் ‘சோடி’ என்றார்கள். புது மருந்து ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் முதலில் சோடிக்குத்தான். அதற்குக் கேடு வராவிட்டால் பிறகு ஆளுக்கு. ஊசி குத்தி ரத்தம் எடுப்பதெல்லாம் பழைய காலத்துக் கொடுமை என்றாகிவிட்டது.

சுஜாவின் சோடிக்குத் தசையில் ஒரு குறையும் இல்லை. முதல் டாக்டர் வெயிலில் நிற்கச் சொன்னார். இரண்டாவது டாக்டர் உட்காரும் விதத்தை மாற்றச் சொன்னார். மூன்றாமவர் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகர் வெகு நேரம் அவள் கணவனைப் பற்றிக் கேட்டார். வீட்டுக்கு வந்து சுஜா மகளிடம் சொன்னது இதுதான்: “அந்த மனுஷன் மஸ்கட்டுல கெடக்காரு. அதுக்கு எனக்க தொட எதுக்கு வலிக்கணும்?”

அபிஷா விலங்கியல் படித்தவள். நாகர்கோவிலில் தண்ணீர் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை. அவள் செய்தது ஒன்றும் பெரிய ஆராய்ச்சி இல்லை. வலி தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் என்ன மாறியது என்று யோசித்தாள். சோடியின் இதயக் குழாய்கள் அடைத்துக்கொண்டு வருகின்றன என்று அம்மாவுக்கு மஞ்சள் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். ஆறு வாரத்தில் வலி. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள், வலி கூடியது. மறுபடி கூட்டினார்கள், அம்மாவால் தலைவார முடியாமல் போனது. கொழுப்பைக் குறைக்கும் அந்த வகை மாத்திரை சில உடம்புகளில் தசையைப் பிடிக்கும் என்பது கல்லூரிப் பாடத்திலேயே உண்டு. டாக்டர்களுக்கும் தெரியும். ஆனால் சோடி அதைத் தாங்கிக்கொள்கிறது என்பதால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்கள்.

அம்மாவின் இதயத்தை வைத்து விளையாடுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் நாள் குறித்துக்கொண்டாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. அதுவரைக்கும் மட்டும் நிறுத்திப் பார்ப்பது. வலி குறைந்தால் டாக்டரிடம் நேராகச் சொல்லி வேறு மருந்து கேட்பது. ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வது. சொல்ல வேண்டிய வார்த்தைகளை விடுதி அறையில் கண்ணாடி முன் நின்று பழகியும் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து லீலாபாய் வந்தாள். சுஜாவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். முன்பு இதே பீலிங் பிரிவில் சுஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தவள். ஆள் குறைத்தபோது அவளை அனுப்பிவிட்டார்கள். இப்போது ரப்பர்த் தோட்டத்தில் ஒப்பந்தத்துக்குப் பால் வெட்டுகிறாள். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாலாம் கூப்பு என்கிற தோட்டப் பகுதியின் சரிவில் மரம் மரமாக ஏறி, பட்டையைச் சீவி, சிரட்டையை நேராக வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும் வேலை.

வீடு மேட்டில் இருந்தது. பாதிப் படியில் லீலாபாய் நின்று, அடுத்த வீட்டுத் தென்னையில் ஏதோ விசேஷம் இருப்பதுபோல் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஏறி வந்தாள்.

“ஏட்டி அபிஷா, ஒனக்க வாயில நாக்குன்னு ஒண்ணு உண்டா? பொறந்ததுலேந்து பாக்கேன், ஒரு வார்த்த வெளிய விழல்ல.”

“உண்டு பெரியம்மா.”

“கேட்டியா சுஜா, ரெண்டு வார்த்த. இன்னைக்கு மழ பெய்யும்.”

சுஜா பால் விடாத கட்டஞ்சாயாவும் கிழங்கும் மீன் கறியும் கொண்டுவந்து வைத்தாள். கையில் தட்டோடு அவள் சாதாரணமாகக் குனிந்து நிமிர்ந்ததைப் பார்த்த லீலாபாய், சாப்பிடாமல் அவளையே பார்த்தாள். எப்படிச் சரியாயிற்று என்று கேட்டதற்குச் சுஜா, தைலம் மாற்றினேன் என்று சொல்லிவிட்டாள். லீலாபாய் நம்பவில்லை. ஆனாலும் சந்தோஷப்பட்டாள். இனி உன்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட ஆள் வைக்க வேண்டாம் என்றாள். உன் சோடிக்கு இதய நோய், எனக்குச் சோடியே இல்லை, அதனால் நோயும் இல்லை என்று சிரித்தாள். ஒப்பந்த ஆட்களுக்குப் பட்டையும் கிடையாது, காப்பீடும் கிடையாது. “நமக்குக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு. அவருக்குப் பட்ட எதுக்கு?”

அவள் போன பிறகு அபிஷா நாளைக்கு என்ன சொல்லப்போகிறாள் என்பதை அம்மாவிடம் சொன்னாள். மாத்திரையை நிறுத்தியது, வலி குறைந்தது, ஆகவே நகல் தவறு, ஆகவே நேர்ச் சோதனை வேண்டும். சுஜா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். மூன்றாவதைக் கேட்டதும் கை நின்றது.

“நகல் தப்புன்னு சொல்லாத.”

“ஏன்?”

“மாத்திர ஒத்துக்கிடல்லன்னு சொல்லு. வேற குடுங்கன்னு சொல்லு. சோடி தப்புன்னு மட்டும் சொல்லாத மக்களே.”

காரணத்தையும் சொன்னாள். பீலிங் பிரிவில் பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரே காப்பீடு. ஒருத்தியின் சோடி மேல் சந்தேகம் வந்தால் விசாரணை முடியும்வரை பதினோரு பேருக்கும் நிறுத்திவிடுவார்கள். கிரேசியின் மகனுக்கு அடுத்த மாதம் முதுகெலும்பில் ஆபரேஷன். அது தள்ளிப்போனால் பையன் நடக்க மாட்டான். ரத்தம் எடுக்காமல் விட்டால் தனக்கு ஒன்றும் ஆகிவிடாது. வலியோடு ஒன்றரை வருடம் இருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கத் தெரியும்.

அபிஷாவுக்குக் கோபம் வந்தது. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து, தேவைக்கு மேல் அழுத்தி மடித்தாள். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயத்துக்குப் பின்னால் இன்னும் ஏதோ இருப்பதுபோலவும் பட்டது. தன் முகத்தைப் பார்க்காமல் அம்மா பேசியது அவளுக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை இதய டாக்டர் பிரபினின் அறைக்கு அவர்களைத்தான் முதலில் அழைத்தார்கள். இளைஞர். கண்ணியமானவர். அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். மேசையின் கண்ணாடிப் பரப்பில் சுஜாவின் நகல் படுத்திருந்தது. முகம் இல்லாத, தோல் இல்லாத ஓர் உருவம். இதயம் மட்டும் சிவப்பாக அடித்துக்கொண்டிருந்தது.

வணக்கம் சொன்னதும் அபிஷா பேசினாள். கண்ணாடி முன் பழகிய வார்த்தைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வேறு வார்த்தைகள் வந்தன, அவை போதுமானவையாகவே இருந்தன.

“அம்மா இருபது நாளா மாத்திரை சாப்பிடல்ல டாக்டர். நான்தான் வேண்டாம்னேன். வலி முக்கால்வாசி போயிடுச்சு. முந்தாநேத்து பானை இறக்கினாங்க. இன்னைக்குப் பஸ்ல கம்பியைப் பிடிக்காம ஏறினாங்க. அவங்களோட வலிக்குக் காரணம் அந்த மாத்திரைதான்.”

டாக்டர் திட்டவில்லை. சுஜாவை எழுந்து நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். ஒன்றரை வருடத்தில் அவளுடைய உடம்பை ஒரு டாக்டர் கண்ணால் பார்த்தது அதுதான் முதல்முறை. தூக்கிய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அபிஷாவிடம் ஒத்துக்கொண்டார். எந்த நகலும் நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் இதைப்போல் ஒன்றை அவர் பார்த்ததில்லை.

அபிஷாவுக்குள் ஏதோ ஒன்று இளகியது. முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

“ஆனா வலி இல்ல இப்ப என் கவலை,” என்றார் டாக்டர். “இதைப் பாருங்க.”

இதயத்தைப் பெரிதாக்கினார். குழாய் ஒன்று நூல்போல் இருந்தது. போன மாதமே அது மோசமாகத்தான் இருந்தது என்றும் இந்த மாதம் இன்னும் குறுகிவிட்டது என்றும் சொன்னார். இத்தனை நாளும் மாத்திரை சாப்பிட்டும் ஏன் கேட்கவில்லை என்பதே அவர்களுக்குப் புரியவில்லை. அண்டி ஆபீஸ் பீலிங் பிரிவில் பதினோரு பெண்களுக்கும் இதே கதை. ஒரே குழாய், ஒரே இடம், யாருக்கும் மருந்து கேட்கவில்லை. முந்திரித் தோலின் தூசிதான் காரணம் என்று அவரும் நண்பர்களும் ஒரு கட்டுரைகூட எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“பதினோரு பேருக்கும் வலி உண்டா?” என்று அபிஷா கேட்டாள்.

இல்லை, உங்கள் அம்மாவுக்கு மட்டும்தான், என்றார். மாத்திரை ஒவ்வோர் உடம்பிலும் ஒவ்வொரு மாதிரி. ஆனால் இதயம் மட்டும் பதினோரு பேருக்கும் ஒன்றுபோல.

சுஜா கையிலிருந்த பட்டையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அதற்குக் கீழே இருந்த தோலைத் தடவினாள்.

“டாக்டரே, இது நட எண்ணுக சாமான்தானே?”

“நடையையும் எண்ணும். ஆனா அதுக்கா இதைக் கட்டினோம்?” டாக்டர் சிரித்தார். “நாடித்துடிப்பு, வியர்வை, ரத்த ஓட்டம், மூச்சு, எல்லாம் இதுதான் கேக்குது. உங்க நகல் வேற எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சீங்க?”

“மொதல்ல மெஷின்ல படுக்க வச்சு ஒரு படம் எடுத்தீங்களே. அதுலேந்துன்னு நெனச்சேன்.”

“அது வெறும் ஆரம்பம். ரெண்டு வருஷமா நகலை வளர்க்கிறது இந்தப் பட்டைதான். பட்டை எதைக் கேட்டதோ, அதுதான் நகல்.”

சுஜா தலையை ஆட்டினாள். அபிஷா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நேற்று பாத்திரத்தைக் கழுவும்போது கை நின்ற நேரத்தில் இருந்த அதே முகம். ஆனால் இன்று அது எதையும் மறைக்கவில்லை. கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் அபிஷாவின் பக்கம் திரும்பி, அம்மாவை இன்றைக்கே சேர்த்துவிட வேண்டும் என்றார். நாளைக் காலை குழாயில் சின்ன வலை ஒன்றை வைத்துவிடலாம். பயப்பட ஒன்றுமில்லை, நல்லபடியாக முடியும். ஆனால் தள்ளிப்போட முடியாது.

“எவ்வளவு நாள் தாங்கும்?” என்று கேட்டது சுஜா.

“சும்மா இருந்தா ஒரு மாசம், ரெண்டு மாசம். ஆனா நீங்க சும்மா இருக்கிறதில்லையே. விடியக்காலைல மேட்டுல ஏறுறீங்க. நடைப்பயிற்சி நல்லதுதான், இந்த இதயத்துக்கு ஆகாது. இப்படியே ஏறினா ஏதாவது ஒரு காலைல அங்கேயே விழுந்துடுவீங்க.”

“மேடா?” என்றாள் அபிஷா.

“தினமும் நாலு மணிலேர்ந்து பத்து பத்தரை வரைக்கும். சரிவு, நல்ல சரிவு. உங்களுக்குத் தெரியாதா?” டாக்டர் பக்கத்தை மாற்றிக் காட்டினார். ஆறு நாள் வரிசையாக மேலும் கீழும் குத்தும் கோடு. ஏழாவது நாள் தட்டையாக, அழகாக ஒரு கோடு. “ஞாயித்துக்கிழமை மட்டும் ஓய்வு. அன்னைக்கு இவங்க இதயத்தைப் பாருங்க, வேற யாரோட இதயமோ மாதிரி. ஓய்வு எடுத்தா எவ்வளவு நல்லா இருக்குன்னு இதுலேயே தெரியுது.”

அபிஷா அந்தக் கோட்டையே பார்த்தாள். பஸ்ஸின் ஒரு படியில் தன்னை மூட்டைபோல் இழுத்து ஏற்றிக்கொண்டவள் அம்மா. தொடையைக் கையால் தூக்கிக் கட்டிலில் வைத்தவள். அந்தத் தொடையோடு எந்த மேட்டில் ஏறினாள்? நாலு மணிக்கு எழுந்தாலும் அடுக்களை வரைக்கும் வரவே அவளுக்கு அரை மணி ஆகும். வலிக்கும் தசையை இந்த நகல் ஏன் ஒருநாளும் காட்டவில்லை என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது மிகவும் எளிமையாக இருந்ததால், இவ்வளவு நாள் அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் திரும்பினாள். கேட்க வேண்டியிருக்கவில்லை.

சுஜா எழுந்து நின்றிருந்தாள். நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்திருந்தாள். சுவரில் மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அதைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கிரேசியின் பையனும் மற்ற ஒன்பது பேரும் இருந்தார்கள் என்பது அபிஷாவுக்குத் தெரிந்தது. சொல்லு என்பதுபோல் மகள் தலையை அசைத்தாள்.

“ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க டாக்டரே,” என்றாள் சுஜா. “ரப்பர்த் தோட்டத்துக்கு. நாலாம் கூப்பு, மேல் சரிவு.”

“அங்க எதுக்கு? நீங்க இங்கதானே இருக்கீங்க?”

“எனக்கில்ல. வண்டி மொதல்ல பொறப்படட்டும், பின்ன சொல்லுகேன்.”

டாக்டர் அபிஷாவைப் பார்த்தார். “கூப்பிடுங்க டாக்டர்,” என்றாள் அபிஷா. அவளுக்கே தெரியாத சத்தத்தில் அது வந்தது. அவர் கூப்பிட்டார். இடத்தைச் சொன்னார். யாருக்கு என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அவர் கைபேசியைக் காதில் வைத்தபடியே சுஜாவின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

சுஜா பட்டையைக் கழற்றி, மேசையின் கண்ணாடியில், அடித்துக்கொண்டிருந்த அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இத நான் ஞாயித்துக்கிழம மட்டும்தான் கெட்டுவேன். இன்னைக்கு இங்க வரணும்னு கழத்தாம வந்தேன். நாங்க உக்காந்து வேல செய்யுதவங்க, எங்களுக்கு அவங்க கேக்குத அளவுக்கு நட தெகையாது. நட தெகையல்லன்னா காப்பீடு இல்லன்னு சொன்னாவ. அதனால எங்க பதினோரு பேருக்க பட்டையையும் கையிலயும் கால்லயும் கெட்டிக்கிட்டு நடந்தது லீலாக்கா. நீங்க இவ்வளவு நாளும் பாத்துக்கிட்டிருந்தது அவளுக்க நெஞ்சு.”